துரைமார் விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார்களும் நம்ம ஊர்ப் பாஸ்மாரும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"பழைய ஸ்போர்ட்ஸ் கார். திருத்தி எடுக்கக்கூடிய நிலை. உள்ளது உள்ளபடி விற்பனைக்கு." இப்படியான விளம்பரங்கள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. படத்தைப் பார்த்தால் கதவு துருப்பிடித்துக் கிடக்கும், ஒரு சில்லு இருக்காது, சீட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கும். விலையோ லட்சக்கணக்கில். "சேர், இந்தப் பழைய இரும்புக்கா இவ்வளவு காசு?" என்று என்னிடம் படித்துவிட்டு இப்போது கராஜில் வேலை செய்கிற பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லப்போனால் நம்ம மலையின் நூறு வருடக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

🔹 காருக்கு முன்னால் பாதை

இந்த மலைகளில் மோட்டார் வண்டி வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே சாமான் ஏற்றி இறக்குவது ஒரு பெரிய தொழில். கண்டி இராச்சிய காலத்தில் மாடுகளின் முதுகில் பொதி ஏற்றி வரிசையாக ஓட்டிப்போவார்கள். அதற்குத் தவளம் என்று பெயர். கண்டிப் பக்கத்து முஸ்லிம்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மேலே வரும், மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே போகும். இன்றைக்கு நம்ம பஸாரில் லொறி வைத்திருக்கிறவர்களின் தொழிலுக்கு அந்தத் தவளம்தான் மூத்த வாப்பா.

பிறகு வெள்ளைக்காரன் கோப்பித் தோட்டம் போட்டான், பாதை வெட்டினான். தோமஸ் ஸ்கின்னர் என்ற பொறியியலாளரின் பெயரைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். ஆனால் மண்ணை வெட்டியதும், கல்லை உடைத்ததும், அந்தப் பாதைகளில் காய்ச்சலில் விழுந்து செத்ததும் பெயர் எழுதப்படாத மனிதர்கள். தமிழ்நாட்டிலிருந்து கால்நடையாகக் கூட்டி வரப்பட்டவர்களின் பங்கு அதில் மிகப் பெரியது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, தேயிலையைக் கீழே இறக்க இன்னும் நல்ல வழி தேவைப்பட்டது.

நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு ரயில் பாதை இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. உடப்புசல்லாவை ரயில்வே. நானுஓயாவிலிருந்து பிரிந்து 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை தாண்டி இராகலைக்கும் வந்தது. தண்டவாளத்தின் அகலம் வெறும் இரண்டரை அடி. வளைந்து வளைந்து மலையேறும் குட்டி ரயில். 1940களில் அதை மூடிவிட்டார்கள். காரணம் லொறியும் பஸ்ஸும். தோட்டத்துத் தொழிற்சாலை வாசலுக்கே வந்து தேயிலைப் பெட்டியை ஏற்றுகிற லொறிக்கு முன்னால், மெதுவாகப் போகிற சின்ன ரயிலால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தண்டவாளம் தோற்ற இடத்தில்தான் மோட்டாரின் காலம் நம்ம மலையில் உறுதியாகத் தொடங்குகிறது.

🔹 மலையேற்றப் போட்டி

இலங்கையில் மோட்டார்காரர்களின் சங்கம், அதாவது சிலோன் ஒட்டோமொபைல் எசோசியேஷன், 1904இலேயே தொடங்கிவிட்டது. அப்போது கார் என்பது பெரிய துரையின் சொத்து. பெரும்பாலான தோட்டங்களில் சின்னத் துரைக்குக் குதிரை, அல்லது மோட்டார் சைக்கிள்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் மலிவாக வரத் தொடங்கின. மொறிஸ் கராஜஸ் என்ற பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எம்.ஜி. என்று பெயர் வைத்த நிறுவனம் அதில் முன்னணி. ஒக்ஸ்போர்டில் மொறிஸ் கார் விற்கிற கராஜின் மனேஜராக இருந்த செசில் கிம்பர் என்பவர், சாதாரண மொறிஸ் காரின் பாகங்களை எடுத்து, பாரத்தைக் குறைத்து, வேறு உடற்கூடு போட்டு ஓடுகிற வண்டியாக்கினார். நம்ம பாஸ்மார் ஒரு வண்டியின் எஞ்ஜினை இன்னொன்றுக்குப் போடுகிற அதே யோசனைதான்!

இந்தக் கார்களுக்கு ஏற்ற விளையாட்டு நம்ம மலையிலேயே இருந்தது. 1934இல் நுவரெலியாவுக்கு அருகே மாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப்போட்டி ஆரம்பமானது. ஏப்ரல் சீசன் காலத்தில் நடக்கிற அந்தப் போட்டி இலங்கையின் மிகப் பழைய மோட்டார் போட்டி என்று சொல்லப்படுகிறது. வட்டப் பாதையில் எல்லோரும் ஒன்றாக ஓடுகிற போட்டி அல்ல அது. ஒவ்வொரு காராக, நின்ற இடத்திலிருந்து கிளம்பி, தேயிலைக்கு நடுவே வளைவு வளைவாக மேலே ஏற வேண்டும். யாருக்குக் குறைந்த நேரமோ அவருக்கு வெற்றி. இங்கே பெரிய எஞ்ஜினை விடப் பாரம் குறைந்த, ஸ்டேரிங் கூர்மையான சின்னக் கார்களுக்கு வாய்ப்பு அதிகம். இரண்டு பேர் மட்டும் இருக்கிற, கூரை திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இவ்வளவு மழை பெய்கிற மலைநாட்டுக்கு ஏன் வந்தன என்பதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

🔹 1948: ஒரு காரும் ஒரு சட்டமும்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியா கடனில் மூழ்கிக் கிடந்தது. ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலைக்கே உருக்கு என்று அரசாங்கம் சொன்னது. அந்த நேரத்தில் எம்.ஜி. உற்பத்தி செய்த கார் 'டீ.சீ.' மொடல். 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 கார்கள். 1250 சீசீ எஞ்ஜின், 54 குதிரைவலு, கம்பிச் சில்லு, முன்பக்கம் மடித்துவிடக்கூடிய கண்ணாடி. அவ்வளவு கார்களும் வலப்பக்க ஸ்டேரிங். ஆகவே இலங்கைப் பாதைக்கு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்த 1948ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டீ.சீ. கார்கள் கப்பலில் வந்து இறங்கி, பதிவு இலக்கம் பெற்று, சட்டப்படி இந்த நாட்டு வாகனங்களாகிக்கொண்டிருந்தன. அதே வருடம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அந்தக் கார்கள் ஓடிய பாதையை வெட்டிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாடற்றவர்களானார்கள். இந்த மண்ணில் பிறந்தவனுக்குப் பதிவு இல்லை, அபிங்டன் நகரில் செய்த காருக்குப் பதிவு இருக்கிறது. பழைய காரைப் பார்த்து அழகு என்று சொல்கிறபோது இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

🔹 நம்பர் பிளேட் ஒரு வரலாற்று ஆவணம்

பழைய காரில் முதலில் பார்க்க வேண்டியது நம்பர் பிளேட். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் சில காலம், சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலுள்ள எழுத்துகளில் இரண்டிரண்டைச் சேர்த்து இலக்கம் கொடுத்தார்கள். சீ.ஈ., சீ.எல்., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்றெல்லாம் பிளேட்டைக் கண்டால், அது 'ஸ்ரீ' காலத்துக்கு முந்தியது என்று சொல்லலாம்.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957 ஜனவரியில் புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. அதை எதிர்த்து வடக்கு கிழக்கில் தமிழ் 'ஸ்ரீ' போட்டுக் கார் ஓட்டினார்கள். தெற்கில் தமிழ் எழுத்துப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அந்த எதிர்ப்பு மலையகத்துக்கும் வந்தது. பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டதில் தோட்டத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத மனிதர்கள், கார் பிளேட்டில் இருக்கிற ஓர் எழுத்துக்காக உயிரை விட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தில் தங்களுக்கு இந்த நாட்டில் இடமுண்டா இல்லையா என்ற கேள்வி இருந்ததை அவர்கள் விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒரு பழைய பிளேட்டைக் கழற்றி இரும்புக் கடையில் போடுவதற்கு முன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

🔹 கார்கள் ஏன் கொட்டிலில் கிடந்தன?

1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றிப்போனது. கார் இறக்குமதியை இறுக்கினார்கள். புதுக் கார் வருவது கிட்டத்தட்ட நின்றுபோனது, உதிரிப்பாகத்துக்கும் அலைய வேண்டியிருந்தது. மற்ற நாடுகளில் பத்து வருடத்தில் உடைத்துப் போட்டிருக்கக்கூடிய கார்களை நம்ம நாட்டில் முப்பது, நாற்பது வருடம் ஓட்டினோம். பழைய கார் இலங்கையில் மிஞ்சியதற்கு நம்ம ஆட்கள் பழைமையை நேசித்தது மட்டும் காரணமல்ல. வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் நம்ம பாஸ்மாரின் கைத்திறன் வளர்ந்தது. புதுப் பிஸ்டன் கிடைக்காவிட்டால் வேறு எஞ்ஜினின் பிஸ்டனைக் கடைந்து போட்டார்கள். மட்கார்ட் உக்கிப்போனால் தகர பீப்பாயை வெட்டித் தட்டினார்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய பிரித்தானியக் கார்களின் நட்டுக்குச் சரிவருவது விட்வர்த் அளவுச் சாவி. நம்ம தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய இயந்திரங்களும் பிரித்தானியாவில் செய்யப்பட்டவையே. ஆகவே தொழிற்சாலைப் பிட்டரின் சாவிப் பெட்டியே துரையின் காருக்கும் பொருந்தியது.

இதற்கிடையில் துரைமாரின் காலமும் முடிந்தது. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம், 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. பிரித்தானியத் துரைமார் மூட்டை கட்டினார்கள். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டில் காசை எடுத்துப்போவதே கஷ்டம், காரை எப்படிக் கொண்டுபோவது? கிடைத்த விலைக்கு விற்றவர்களும் உண்டு, சும்மா கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

அதே வருடங்களில் இன்னொரு புறப்பாடும் நடந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். துரை போகும்போது காரை விட்டுப் போனார். லயத்து மனிதன் போகும்போது பிறந்த வீட்டையும், அம்மா அப்பாவின் புதைகுழியையும், சில நேரம் கூடப்பிறந்தவர்களையும் விட்டுப் போனான். இரண்டும் ஒரே பாதையில் இறங்கிப் போன பயணங்கள்.

🔹 தூக்கிப் போட்டது திரும்பப் பெறுமதியானது

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம். ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. அவை காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும், மழை உள்ளே வராது, பாகமும் கடையில் கிடைக்கும். பழைய எம்.ஜி.யும் மொறிஸும் கொட்டிலுக்குள் போயின. எம்.ஜி. நிறுவனத்தின் அபிங்டன் தொழிற்சாலையே 1980இல் மூடப்பட்டது. மூடியதும் உலகம் முழுக்க அந்தக் கார்களைத் தேடுகிற கூட்டம் பெருகியது. இனிமேல் செய்யமாட்டார்கள் என்று தெரிந்தால்தானே ஒன்றின் அருமை புரியும்!

அரசாங்கமும் இதைக் கவனித்திருக்கிறது. 1945 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இலங்கையில் முதன்முதல் பதிவான பயணிகள் கார்களை உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் யானைத் தந்தம், மரம், பவளப்பாறை ஆகியவற்றோடு பழைய காரும் இருக்கிறது. இந்தியாவும் பழைய கார் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியிருக்கிறது.

பழைய வண்டி ஒன்றைப் பாதுகாத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கொழும்பிலேயே உதாரணம் உண்டு. எலிசபெத் மகாராணியின் கணவர் இளவரசர் பிலிப், கடற்படையில் இளம் அதிகாரியாக இலங்கைப் பக்கம் இருந்தபோது, 1940இல் 1935ஆம் ஆண்டு ஸ்டேன்டர்ட் நைன் கார் ஒன்றை 12 பவுணுக்கு வாங்கினார். அவருடைய முதல் கார் அது. இன்றைக்கு அது கோல்பேஸ் ஹோட்டலின் காட்சிக்கூடத்தில் நிற்கிறது. யாரோ ஒருவர் அதை இரும்புக்குப் போடாமல் வைத்திருந்ததால்தான் இந்தக் கதையே மிஞ்சியது.

இன்னொரு உதாரணம் நம்ம தொழிலாளிகளுக்குப் பெருமையானது. மொறிஸ் மைனர் காரின் உதிரிப்பாகங்களை இங்கிலாந்துக்காக இலங்கையில் செய்தார்கள். தனபால சமரசேகர என்பவரும், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயாரும் சேர்ந்து 1990களில் நடத்திய முயற்சி அது. ஒரு காலத்தில் அங்கிருந்து கார் இங்கே வந்தது. பிறகு இங்கே தகரம் தட்டிய கைகளின் வேலை கப்பலேறி அங்கே போனது.

🔹 விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சில வார்த்தைகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் ஓடாத வண்டிக்கும் விலை ஏறியது. மலைப்பக்கம் பழைய கார் தேடி வருகிறவர்களும் உண்டு. ஆகவே வரலாற்றோடு கொஞ்சம் காரியத்தையும் சொல்லி வைக்கிறேன்.

1. புத்தகமும் வண்டியும் ஒன்றா என்று பாருங்கள். செசி நம்பர், எஞ்ஜின் நம்பர் இரண்டையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய காரின் புத்தகத்தை மட்டும் வாங்கி வேறு வண்டிக்குப் போடுகிற கள்ள வேலை நாட்டில் இருக்கிறது. புத்தகத்தை மட்டும் யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். நாளைக்குப் பொலிஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

2. கழன்ற பாகத்தை வீசாதீர்கள். ஒரிஜினல் கம்பிச் சில்லு, எஸ்.யூ. காபரேட்டர் ஜோடி, மீட்டர், ஹெட்லைட் வளையம், துருப்பிடித்த கதவுப் பிடிகூடப் பெறுமதியானவை. பாகங்களைப் பிரித்துப் பிரித்து விற்றால் முதலில் காசு கூடுதலாகத் தெரியும். கடைசியில் மிஞ்சுகிற கூட்டை யாரும் வாங்கமாட்டார்கள்.

3. பெயின்டை விட உள்ளே இருப்பதைப் பாருங்கள். டீ.சீ. போன்ற பழைய எம்.ஜி.களில் வெளித்தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் இருக்கிறது. நம்ம மூடுபனிக்கு அந்த மரம் உக்கிப்போகும். வெளியே பளபளப்பு, கதவைத் திறந்தால் தொங்கும். 1962க்குப் பின் வந்த எம்.ஜி.பீ.க்குத் தனிச் செசி கிடையாது, உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. அதன் கதவுக்குக் கீழ்ப்பகுதி துருப்பிடித்தால் வண்டியின் முதுகெலும்பே போனமாதிரி. எஞ்ஜின் வேலையை விடத் தகர வேலைக்குத்தான் செலவு அதிகமாகும்.

4. கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். திருத்தி முடிக்கிற செலவு பல நேரம் திருத்திய காரின் விலையைத் தாண்டிவிடும். பாதியில் நிறுத்திய வண்டிதான் திரும்பவும் "திருத்தி எடுக்கக்கூடிய நிலையில்" என்று விளம்பரத்துக்கு வருகிறது.

5. பிறப்புச் சான்றிதழ் தேடலாம். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பீ. போன்ற கார்கள் எந்தத் திகதியில் செய்யப்பட்டன, முதல் நிறம் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டன என்ற பதிவுகள் இங்கிலாந்தின் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கட்டணம் செலுத்திச் சான்றிதழ் பெறலாம். விற்கிறவருக்கு அது நல்ல விலை, நம்மைப் போன்றவர்களுக்கு அது வரலாறு.

6. குறையைச் சொல்லி விற்றுவிடுங்கள். பழுதை மறைத்து விற்கிற வியாபாரத்தில் பரக்கத் இல்லை என்று சின்ன வயதில் மத்ரஸாவில் நாம் படித்ததுதான். கோயிலிலும் விகாரையிலும் சொல்வதும் அதேதான். அதேபோல, கொட்டிலில் கிடக்கிற வண்டியின் பெறுமதி தெரியாத வயதானவரிடம் "இது பழைய இரும்பு மாமா, கிலோக்கணக்கில் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போவதும் நியாயமான வியாபாரம் இல்லை.

🔹 ஒரு வேண்டுகோள்

பழைய கார் எல்லாவற்றையும் ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் தேவை இருக்கும், பிள்ளையின் படிப்பு இருக்கும், நல்ல விலை வந்தால் விற்கத்தான் வேண்டும். கொட்டிலில் உக்கிப்போவதை விட, திருத்தி ஓட்டுகிற ஒருவரின் கைக்குப் போவது நல்லதுதான்.

ஆனால் வண்டி போவதற்கு முன் அதன் கதையை எடுத்து வையுங்கள். பிளேட், செசி நம்பர், உள்ளே ஒட்டியிருக்கிற பழைய வரிப்பத்திரம், கராஜ் பில் எல்லாவற்றையும் படமெடுங்கள். எந்தத் தோட்டத்து பங்களாவில் நின்றது, யார் ஓட்டினார், யார் திருத்தினார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். துரையின் பெயர் எப்படியும் ஏதாவதொரு புத்தகத்தில் இருக்கும். அந்தக் காரைத் துடைத்த பங்களா அப்புவின் பெயரும், பனியில் ஹேண்டில் சுற்றி ஸ்டார்ட் பண்ணிய டிரைவரின் பெயரும், தகரம் தட்டிய பாஸின் பெயரும் நம்ம வீடுகளில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தத் தலைமுறை போய்விட்டால் கேட்பதற்கு ஆளில்லை.

நம்ம ஊர்ப் பழைய பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் இருக்கிற அந்த விட்வர்த் சாவிப் பெட்டியைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஒரு காபரேட்டர் ஜோடியைக் காதால் கேட்டுச் சமப்படுத்துகிற வித்தையை யூடியூப்பில் பார்க்கலாம், ஆனால் கையில் பிடித்துக் காட்டுகிற உஸ்தாத் இருந்தால்தான் கை பழகும். பழைய கார் திருத்துவது இன்றைக்கு உலகம் முழுக்க நல்ல சம்பளம் கிடைக்கிற தொழில். ஓ.எல்.லோடு நிறுத்திவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகிற நம்ம பிள்ளைகளில் நாலு பேருக்காவது அந்த வழி திறக்கட்டும்.

உங்கள் வீட்டில் பழைய கார், லொறி, மோட்டார் சைக்கிள் படங்கள் இருந்தால் அனுப்புங்கள். எந்த வருடம், எந்தத் தோட்டம் என்று தெரிந்த அளவுக்குக் குறிப்பிடுங்கள். தவளம் முதல் லொறி வரை நம்ம மலைப்பாதையின் கதையைப் பாடசாலைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தொகுப்பாக்குவோம்.

தவறவிட்ட தகவல் ஏதும் இருந்தால் பெரியவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.